என் அக்கா மகன் சாராயம் காய்ச்சவில்லை



இது நீளமான பதிவு. "சார், சுருக்கமா எழுதுங்க" என்று வழக்கம்போல் சொல்லப்போகிறவர்கள் இப்போதே தள்ளிப் போய்விடலாம். மற்றவர்கள் என் வகுப்பில் நாற்பது நிமிடம் உட்கார்ந்தவர்கள்தானே, இன்னும் ஒரு பத்து நிமிடம் உட்காருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை தேனியில் ஒரு காதுகுத்து. பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். எதிர் வரிசையில் இருந்த உறவினர் ஒருவர் (பெயர் சொல்ல மாட்டேன், இதைப் படித்துக்கொண்டுதான் இருப்பார்) எல்லோருக்கும் கேட்கும்படி, "என்ன வாத்தியாரே, உங்க மருமகன் பெங்களூர்ல சாராயம் காய்ச்சுறானாமே?" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். என் பெரியக்கா இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்தார். பாயசம் வருவதற்கு முன்பே இலையை மடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

பந்தியில் சண்டை போடக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான். அதனால் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. இங்கே திறக்கிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: அக்கா மகனை உங்களில் பலருக்குத் தெரியும். நம் பள்ளியில் ஆறாவது முதல் எட்டாவது வரை என்னிடமே படித்தவன். வீட்டில் மாமா, பள்ளியில் சார். ஒருநாள் வகுப்பில் வாய்தவறி "மாமா" என்று கூப்பிட்டு மொத்த வகுப்பும் சிரித்தது அவன் செட்டுப் பிள்ளைகளுக்கு நினைவிருக்கும். சி.பி.ஏ. கல்லூரியில் பி.எஸ்சி. முடித்து, வங்கித் தேர்வு எழுதி, 2015-இல் ஓர் அரசு வங்கியில் அதிகாரியாகச் சேர்ந்தான். எட்டு வருடம் கழித்து அந்த வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, பெங்களூரில் ஒரு சின்ன பீர் ஆலையில் உதவியாளராகச் சேர்ந்தான். கையில் வாங்கிய எண்பதாயிரத்துச் சொச்சம் முப்பத்தைந்தாயிரம் ஆனது. பேசி முடித்திருந்த கல்யாணம் நின்றது. பெண் வீட்டார் தட்டை மாற்றிய பத்தாவது நாள் ஆள் அனுப்பிவிட்டார்கள். அக்கா அவனோடு பேசுவதை நிறுத்தி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். அவனை எல்லோருக்கும் முன்னால் திட்டியவன் நான்தான். வேலையை விட்ட செய்தி வந்த அன்று போனில் கூப்பிட்டு, "உன்னைப் படிக்க வச்சதுக்கு நான் மாடு மேய்ச்சிருக்கலாம்" என்றேன். 2019-இல் நான் பணி ஓய்வு பெற்றபோது, பாராட்டு விழா மேடையில் அவனை எழுந்து நிற்கச் சொல்லி, "இவன் என் மாணவன், வங்கி அதிகாரி" என்று பெருமையடித்ததும் நானேதான். அந்தக் கைதட்டல் போய்விட்டதே என்றுதான் எனக்கு அன்றைக்குக் கோபம் வந்திருக்கிறது. இது புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது.

சரி, இப்போது உங்கள் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். "மது சம்பந்தப்பட்ட தொழில், நம் குடும்பத்துக்கு ஆகாது" என்கிறீர்கள். நான் ஒரு சொட்டு தொட்டதில்லை, இனியும் தொடப்போவதில்லை. உங்கள் வார்த்தையை நம்பத் தயாராக இருந்தேன். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் இடிக்கிறது.

2003 நவம்பரில் மதுச் சில்லறை விற்பனையை அரசே டாஸ்மாக் மூலம் எடுத்துக்கொண்டது. கடைக்கு மேற்பார்வையாளர், விற்பனையாளர் என்று ஆள் எடுத்தார்கள். தொகுப்பூதியம்தான். இருந்தும் பட்டம் வாங்கிய பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சிபாரிசு தேடி அலைந்தவர்கள் நம் சொந்தத்திலேயே மூன்று பேர். அதில் ஒருவருக்குக் கிடைத்தது. ஊரே அவரை வாழ்த்தியது. "என்ன இருந்தாலும் கவர்மெண்ட்டு" என்றார்கள். அடுத்த தை மாதமே அவருக்குப் பெண் கிடைத்தது. நானும் மொய் எழுதினேன். இன்னொரு உறவினரின் மாப்பிள்ளை ஒரு பெரிய மதுபானக் கம்பெனியில் ஏரியா மேனேஜர். கம்பெனி கார், கம்பெனி வீடு. அவர் போடி வந்தால் பந்தியில் தலைவாழை இலை அவருக்குத்தான் முதலில். அவரைப் பார்த்து யாராவது "சாராயம் விக்கிறீங்களாமே மாப்ள" என்று கேட்டிருக்கிறீர்களா? கேளுங்களேன், பார்ப்போம்.

ஆக, மதுவை நாற்பது கோடி புட்டியாக விற்றால் கௌரவம், கையால் ஒரு தொட்டி காய்ச்சினால் அவமானம். (நாற்பது கோடி என்பது பேச்சுக்குச் சொன்னது, கணக்கு வாத்தியாரைப் பிடிக்காதீர்கள். நிஜக் கணக்கு வேண்டுமென்றால், 2023-24-இல் டாஸ்மாக்கால் அரசுக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். எனக்கு மாதாமாதம் வரும் பென்ஷனிலும் அதில் ஒரு துளி இருக்கத்தான் செய்யும்.) உங்களுக்கு மது பிரச்சினை இல்லை. சம்பளம் குறைந்ததுதான் பிரச்சினை. இதே பையன் இதே பீர் ஆலையில் இரண்டு லட்சத்துக்குச் சேர்ந்திருந்தால், அந்தப் பெண் வீட்டார் தாம்பூலத் தட்டோடு வாசலில் நின்றிருப்பார்கள். பந்தியில் கேட்ட அந்த உறவினர், தன் பையனுக்கும் அங்கே ஓர் இடம் கிடைக்குமா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டிருப்பார்.

சம்பளம் குறைந்தது என்று நேராகச் சொல்லுங்கள். அதற்கு நான் மரியாதை கொடுப்பேன். அதை ஒழுக்கத்தின் பெயரில் சொல்லாதீர்கள்.

இன்னொருவர் "நம்ம சாதியில எவனாவது இந்த வேலை பாத்திருக்கானா" என்று குடும்ப வாட்ஸப் குழுவில் எழுதியிருந்தார். முப்பத்தோரு வருடம் நான் நடத்திய பாடத்தில் அவருக்கு எதுவும் ஏறவில்லை என்று தெரிந்துகொண்டேன். அதற்கு மேல் அவருக்குப் பதில் கிடையாது.

இப்போது "கௌரவமான வேலை"யைப் பற்றிப் பேசலாம். அவன் ஏன் வங்கியை விட்டான் என்று உங்களில் ஒருவர்கூட அவனிடம் கேட்கவில்லை. நானும் தாமதமாகத்தான் கேட்டேன். எந்த வங்கி என்று இங்கே எழுத மாட்டேன், எல்லா இடத்திலும் இதுதான் என்கிறான். அவனுக்கு மாதாமாதம் இன்ஷூரன்ஸ் விற்கும் இலக்கு இருந்தது. கடன் கேட்டு வருகிறவர், டெபாசிட் போட வருகிறவர், நூறு நாள் வேலைக் கூலி எடுக்க வருகிற கிழவி, எல்லோர் தலையிலும் ஒரு பாலிசி கட்ட வேண்டும். காலை நாலரை மணிக்கு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவையும் தாண்டி ஏலக்காய் பறிக்கப் போகிறார்களே நம் தாய்மார்கள், அவர்களில் ஒரு அம்மா மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தை டெபாசிட் போட வந்திருக்கிறார். அந்தப் பணத்தில் இவன் பாலிசி போட வைத்தான். அடுத்த வருடம் அந்த அம்மாவால் தவணை கட்ட முடியவில்லை. போட்ட பணத்தைக் கேட்டு வந்து கவுண்டருக்கு வெளியே நின்றிருக்கிறார். இவனுக்கோ அந்த மாதம் சிறந்த விற்பனைக்கான கேடயம் கொடுத்திருந்தார்கள். அந்தக் கேடயத்தை அக்கா ஷோகேஸில் வைத்திருந்தார், நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

"மாமா, பீர் குடிக்க வர்றவன் பீர்னு தெரிஞ்சுதான் வர்றான். அந்த அம்மா என்ன வாங்குதுன்னு தெரியாம வாங்குச்சு" என்றான். நான் பதில் சொல்லவில்லை. பதில் வைத்திருப்பவர்கள் கீழே எழுதுங்கள்.

போன வருடம் இரண்டு நாள் பெங்களூர் போய் அவனோடு தங்கினேன். திட்டித் திருத்திக் கூட்டி வரலாம் என்றுதான் போனேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சாராயம் காய்ச்சுவது என்றால் என் மனதில் இருந்தது காட்டோடை, மண்பானை, போலீஸ் விரட்டல். அங்கே பார்த்தது ஆஸ்பத்திரி போலத் துடைத்து வைத்த ஓர் அறை. ஆள் உயர எவர்சில்வர் தொட்டிகள். காலை ஆறு மணிக்கு ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குகிறான். முளைகட்டி உலர்த்திய பார்லிக்கு மால்ட் என்று பெயர். அதை ஒன்றிரண்டாக உடைத்து, ஏறத்தாழ 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறார்கள். தானியத்தில் இருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. எட்டாம் வகுப்பில் நான் உங்களுக்கு நடத்திய பாடமேதான். வாயில் சோற்றை மென்றுகொண்டே இருந்தால் இனிக்கும் என்று செய்து காட்டச் சொன்னேனே, அதேதான். சூடு கொஞ்சம் தாண்டினால் நொதி செத்துவிடும். குறைந்தால் வேறு மாதிரி சர்க்கரை வரும். அதனால் வெப்பமானியை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. பிறகு அந்தச் சாற்றை வடித்து, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்க்கிறார்கள். மிச்சம் ஈஸ்ட்டின் வேலை. ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

ஈஸ்ட் சேர்ப்பதற்கு முந்தைய அந்தச் சாற்றை ஒரு டம்ளரில் பிடித்துக் கொடுத்தான். போதை கிடையாது என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டு குடித்தேன். அச்சு அசலாக ஹார்லிக்ஸ் வாசனை. சிரித்துக்கொண்டே, "ஹார்லிக்ஸும் மால்ட்தான் மாமா" என்றான். பரீட்சை நேரத்தில் உங்கள் அம்மாக்கள் ஆற்றி ஆற்றிக் கொடுத்தது.

இதெல்லாம் அரை நாள் வேலை. மீதி முழுக்கக் கழுவுவதுதான். தொட்டி கழுவுவது, குழாய் கழுவுவது, தரை கழுவுவது. காஸ்டிக் சோடா போட்டு ஒரு தரம், அமிலம் போட்டு ஒரு தரம், வெந்நீரில் ஒரு தரம். சக்கையை அள்ளி மூட்டை கட்டினால் மாட்டுக்காரர் வந்து எடுத்துப் போகிறார். வங்கியில் ஏ.சி. அறையில் உட்கார்ந்தவன் கையில் காப்புக் காய்ச்சியிருக்கிறது. ராத்திரி வந்து படித்துக்கொண்டிருக்கிறான். லண்டனில் ஐ.பி.டி. என்று இந்தத் தொழிலுக்கான நிறுவனம் ஒன்று நடத்தும் தேர்வுக்குத் தயாராகிறான். எட்டாம் வகுப்பில் அவன் நோட்டு வைத்திருந்த அதே அழகில், பக்கம் பக்கமாக வெப்பநிலை, நேரம், அமிலத்தன்மை என்று கட்டம் போட்டு எழுதி வைத்திருக்கிறான். நோட்டைப் பார்த்ததும் என் கை தன்னால் சிவப்புப் பேனாவைத் தேடியது.

வாத்தியார் புத்தி போகாது, ஒரு சின்னப் பாடம் நடத்திவிடுகிறேன். ஆற்றலின் அலகு என்ன? ஜூல். யார் அந்த ஜூல்? இங்கிலாந்தில் சால்ஃபோர்டில் பீர் ஆலை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. ஆலையையும் கவனித்துக்கொண்டு, வெப்பத்தைத் துல்லியமாக அளந்துகொண்டிருந்தவர். அமிலம், காரம் என்று பி.ஹெச். அளவு படித்தீர்களே, அதை 1909-இல் கொண்டுவந்த சோரன்சன் வேலை பார்த்தது டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில். உங்களில் கல்லூரியில் புள்ளியியல் படித்தவர்கள் "ஸ்டூடன்ட் டி சோதனை" போட்டிருப்பீர்கள். அந்த "ஸ்டூடன்ட்" என்பது புனைபெயர். வில்லியம் கோசெட் என்ற ஆக்ஸ்ஃபோர்டு பட்டதாரி, 1899-இல் டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். கம்பெனி தன் ஆட்களின் பெயரில் ஆராய்ச்சி வெளியிட விடவில்லை. அதனால் 1908-இல் "மாணவன்" என்ற பெயரில் வெளியிட்டார். முப்பத்தோரு வருடம் இந்தப் பாடங்களை நடத்தினேன், பீர் என்ற சொல்லை ஒருநாளும் வகுப்பில் சொன்னதில்லை. எனக்கே தெரியாது. இவன் சொல்லித்தான் தெரியும்.

உத்தியோகத்தை விட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவன் இவன் ஒருவன்தானா என்றால் அதுவும் இல்லை. பாஸ்டனில் ஜிம் கோக் என்பவர் ஹார்வர்டில் படித்து, பெரிய ஆலோசனை நிறுவனம் ஒன்றில் கைநிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர். 1984-இல் அதை விட்டுவிட்டு பீர் காய்ச்ச வந்தார். அவர் அப்பாவே பீர் காய்ச்சும் தொழில் தெரிந்தவர், அவருக்கே மகன் முடிவு பிடிக்கவில்லை. பெங்களூரில் கைஸ்ட் பீர் தொடங்கிய நாராயண் மானேபள்ளி அமெரிக்காவில் இன்டெல் கம்பெனியில் பொறியாளராக இருந்தவர். இந்தப் பெயர்களை எனக்குச் சொன்னதும் அவன்தான், சொன்ன கையோடு, "ஆனா இவங்கெல்லாம் முதலாளிங்க மாமா, நான் தொட்டி கழுவுறவன். என்னை இவங்களோட சேத்து யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றான். அதனால்தான் சொல்கிறேன். நாளைக்கு இவன் பெரிய ஆள் ஆவான், அப்போது நீங்கள் வாயடைத்துப் போவீர்கள் என்று நான் வாதாட வரவில்லை. ஆகாமலே போகலாம். கடைசி வரை முப்பத்தைந்தாயிரம் நாற்பதாயிரத்திலேயே தொட்டி கழுவலாம். அப்போதும் நான் இதைத்தான் எழுதுவேன்.

"நிலையான வேலையை விட்டுட்டான்" என்று பாட்டுப் பாடுகிறவர்களிடம் ஒரு கேள்வி. நம் ஊரில் எது நிலையானது? 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. அந்த வேகத்தில் கடன் வாங்கி மலையில் குத்தகை எடுத்தவர்கள் எத்தனை பேர்! இரண்டு மூன்று வருடத்தில் ஆயிரத்தைச் சுற்றி வந்து நின்றது. அரசு வேலை? 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒரே மூச்சில் வேலையை விட்டு நீக்கப்பட்டதை இருபது வருடத்தில் மறந்துவிட்டோம். திரும்ப எடுத்தார்கள், உண்மைதான். ஆனால் அந்தச் சில வாரம் ஆசிரியர் வீடுகளில் அடுப்பு எப்படி எரிந்தது என்று அந்த வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். அதே 2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷனும் போயிற்று. நான் 1988-இல் சேர்ந்ததால் தப்பித்தேன். அதிலும் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. 1981-இல் ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகக் கார்டைப் புதுப்பித்துப் புதுப்பித்து, ஏழு வருடம் ஏலக்காய்க் கடையில் எடை எழுதிக்கொண்டிருந்தவன் நான். அந்த ஏழு வருடமும் என்னையும் பந்தியில் இப்படித்தான் கேட்டார்கள்.

என் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாணவர்களுக்குத் தெரியாது, சொந்தக்காரர்களில் பெரியவர்களுக்குத் தெரியும். அவர் மெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் ஸ்டோர் வேலை பார்த்தவர். பறித்து வந்த பச்சை ஏலக்காயை அடுப்புச் சூட்டில் உலர்த்துகிற வேலை. ஒரு இரவும் ஒரு பகலும் விறகு தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். சூடு ஏறினால் பச்சை நிறம் போய்க் காய் வெடிக்கும், விலை பாதிதான். சூடு குறைந்தால் பூசணம். ஐந்து கிலோ பச்சைக்கு ஒரு கிலோ உலர்ந்தது தேறும். அப்பாவிடம் வெப்பமானி கிடையாது. ஒரு காயை எடுத்துக் காதருகே குலுக்குவார், மூக்கில் வைப்பார், "இன்னும் ரெண்டு மணி நேரம்" என்பார். மற்ற எஸ்டேட் முதலாளிகள் அவரைக் கேட்டு ஆள் அனுப்புவார்கள். கூலி மட்டும் கூலிதான். கம்பளியில் அந்தப் புகை வாசனை எப்போதும் இருக்கும். கடைசியில் இருமலும் அதனால்தான் வந்தது.

அந்தப் புகையிலிருந்து என்னை வெளியே தள்ளத்தான் அவர் என்னைப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பினார். நானும் அவர் வேலையை யாரிடமும் சொன்னதில்லை. பள்ளி ஆவணத்தில் தந்தை தொழில் "விவசாயம்" என்று எழுதினேன். பெங்களூரில் அவன் தொட்டியின் மூடியைத் திறந்து, குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து பார்த்தானே, அப்போது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. தாத்தா இறந்தபோது இவனுக்கு நாலு வயது. பார்த்துப் படித்திருக்க வழியே இல்லை.

எல்லாக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருப்பது போல எழுதிக்கொண்டு போகிறேன். ஒன்றுக்கு இல்லை. என் தங்கச்சி, அவனுக்குச் சித்தி. அவள் வீட்டுக்காரர் குடித்தே போனார், உங்களுக்குத் தெரியும். முப்பத்தொன்பது வயதில் இரண்டு பிள்ளைகளோடு நின்றவள். மூன்று மாதம் கழித்து அந்தப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கக் கூட்டி வந்தபோது, படிவத்தில் தந்தை பெயருக்கு முன்னால் "லேட்" என்று எழுதியதும் இந்தக் கைதான். என் வகுப்பில் சாப்பிடாமல் வந்து மயங்கி விழுந்த பிள்ளைகள் எத்தனை பேரோ, விசாரித்தால் பாதிப் பேர் வீட்டில் இதே கதை. தங்கச்சி மற்றவர்களைப் போலச் சம்பளம் பற்றிப் பேசவில்லை, கல்யாணம் பற்றிப் பேசவில்லை. "எந்தப் பாத்திரத்துல இருந்து ஊத்துனா என்னண்ணே, உள்ள போறது அதுதானே" என்று மட்டும் கேட்டாள்.

1987-இல் கள்ளுக்குத் தடை வந்தது, மெட்டு தாண்டினால் கேரளாவில் கள்ளுக்கடை இருக்கிறது, இங்கே புட்டிச் சரக்கு மட்டும் கொடிகட்டிப் பறக்கிறது, நிதானமாகக் குடிக்கும் நாடுகள் உண்டு என்றெல்லாம் அவளிடம் நான் வாதம் செய்யவில்லை. அவள் முன்னால் அதெல்லாம் வாயில் வராது. அவனிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சித்தி கேக்குறது நியாயம் மாமா. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. சித்தி என்னைய வீட்டுக்குள்ள விடலைன்னாலும் நான் தப்பா நினைக்க மாட்டேன்" என்றான். அவளுக்கு மட்டும் இவனைக் கேட்க உரிமை உண்டு. அவள் கேட்டதை உங்கள் வாயில் எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். அவள் வீட்டுக்காரர் செத்தபோது உங்களில் எத்தனை பேர் எட்டிப் பார்த்தீர்கள் என்று எனக்குத் தெரியும்.

பண விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், அம்மாவை நடுத்தெருவில் விட்டுவிட்டான் என்று ஒரு பேச்சு இருக்கிறது. வேலையை விடுவதற்கு முன் வீட்டுக் கடனை முழுதும் அடைத்தான். அக்கா பெயரில் டெபாசிட் போட்டிருக்கிறான், அதன் வட்டிதான் இன்றும் அவருடைய சர்க்கரை மாத்திரைக்கும் பால்காரருக்கும் போகிறது. அக்கா பேசாவிட்டாலும் வட்டி பேசாமல் வந்துகொண்டிருக்கிறது. அவன் கையில் பைக் இல்லை, பஸ்ஸில் போகிறான். மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கிறார்கள். சமையல் இவன் முறை வந்தால் சாம்பார் சுமார்தான்.

பெண் வீட்டாரை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் பெண்ணைக் கொடுக்கிறவர்கள், கேட்க உரிமை உண்டு. ஆனால் காரணம் கேட்டபோது "பையன் குடிப்பானோ என்று பயம்" என்று சொல்லி அனுப்பினார்கள். பயம் நியாயமானதாக இருந்தால் வந்து விசாரித்திருக்கலாம். விசாரிக்காமலே பத்து நாளில் அடுத்த இடத்தில் முடித்துவிட்டார்கள். அங்கே மாப்பிள்ளை குடிப்பாரா என்று யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. வாழ்க நல்லபடியாக.

பெங்களூரிலிருந்து நான் கிளம்பும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டான். பெல்ஜியம் பக்கம் கோதுமை பீரில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுவார்களாம். அதில் நம் ஊர் ஏலக்காய் போட்டுப் பார்க்க ஆலைக்காரர் அனுமதித்திருக்கிறார், ஒரு சின்னத் தொட்டி மட்டும். "கடைக்காய் வேண்டாம் மாமா, ஸ்டோர்ல இருந்து நேரா வந்தது வேணும்." போடி வந்ததும் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவனிடம் போனேன். எதற்கு என்று உள்ளபடியே சொன்னேன். அவன் நெற்றியில் பட்டை, வாசலில் சாமி படம். மறுத்துவிடுவானோ என்று தயங்கித்தான் நின்றேன். உள்ளே போய், எட்டு மில்லிமீட்டர் பருவட்டில் பச்சை மாறாத காய் அரைக் கிலோ எடுத்து, இரண்டு கவர் போட்டு ஒட்டிக் கொடுத்தான். பணம் வாங்க மாட்டேன் என்றுவிட்டான்.

அந்தத் தொட்டி எப்படி வந்தது என்று கேட்டேன். "ஏலக்காய் ஜாஸ்தியாயிருச்சு மாமா, கஷாயம் மாதிரி இருக்குன்னு சொல்லிட்டாங்க. அடுத்த தடவ பாதி போடணும்" என்றான். நோட்டில் எழுதி வைத்திருக்கிறானாம்.

தீபாவளிக்கு முந்தின நாள் காலை அவன் வருகிறான். முதலில் என் வீட்டுக்கு வருவான். குளித்துச் சாப்பிட்டதும் நானே அவனை அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன். அக்கா, நீங்கள் இதைப் படிப்பதில்லை என்று எனக்குத் தெரியும், பேத்தி படித்துக் காட்டுவாள் என்றும் தெரியும். கதவைத் திறந்து வையுங்கள். மற்றவர்களில் யாருக்காவது அவனிடம் கேட்க வேண்டியது இருந்தால் அன்று காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிவரை என் வீட்டுத் திண்ணையில் இருப்பான். முகத்தைப் பார்த்துக் கேளுங்கள், காபி உண்டு.

ஏலக்காய்க் கடைத் தம்பிக்கு: அரைக் கிலோ கணக்கு இன்னும் பாக்கி நிற்கிறது. இந்த முறை பணத்தோடுதான் வருகிறேன், பேசாமல் வாங்கிக்கொள். இன்னொரு கால் கிலோவும் எடுத்து வை.